சூரியனைத் தொட்டுவிட்டோமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாசாவின் பார்க்கர் விண்கலம் சூரியனுக்கு மிக அருகே சென்று மீண்டதைப் பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களே இந்தப் பகுதியை நிரப்பப் போதுமானவையாக இருந்ததால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, சூரியனின் வெளிமண்டலம் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இம்முறை பதில் அளிக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், அதைத் தெளிவாகக் கேட்டிருந்தவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (திண்டுக்கல்): 2019 டிசம்பர் 26 அன்று எங்கள் ஊரில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. உரிய கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். நெருப்பு வளையம் தெரிந்ததே தவிர, படங்களில் காட்டுகிற வெண்ணிற மகுடம் எதுவும் தென்படவில்லை. நாங்கள் பார்க்கத் தவறிவிட்டோமா?

பதில்: தவறு உங்களுடையது இல்லை. அன்று திண்டுக்கல்லில் எவர் பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்காது. நீங்கள் குறிப்பிடும் மகுடத்துக்குக் கொரோனா என்று பெயர். இலத்தீனில் அச்சொல்லுக்கு மகுடம் என்பதே பொருள். (2020இல் உலகையே முடக்கிப்போட்ட கிருமியின் இனத்துக்கு அப்பெயரை வைத்ததும், நுண்ணோக்கியில் அது சூரியனின் கொரோனாவை நினைவூட்டியதால்தான், மூலப் பெயர் சூரியனுடையது.) கண்ணைக் கூசவைக்கும் சூரிய வட்டத்தோடு ஒப்பிட்டால், அதன் விளிம்பை ஒட்டிய கொரோனாவின் ஒளி ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். வளைய கிரகணத்தன்று சந்திரன் சற்றுத் தொலைவில் இருப்பதால் சூரியனை முழுதாக மறைக்க இயலாமல் போகிறது. எஞ்சி நிற்கும் மெல்லிய வளையத்தின் வெளிச்சமே கொரோனாவை விழுங்கிவிடப் போதுமானது. அதற்கும் மேலாக, நீங்கள் அணிந்திருந்த பாதுகாப்புக் கண்ணாடி கொரோனாவைப் போன்ற மங்கலான ஒளியை அறவே உள்ளே விடாது.

கொரோனாவை வெறும் கண்ணால் காண முழுச் சூரிய கிரகணம் வேண்டும். இந்தியாவில் அது கடைசியாகத் தெரிந்தது 2009 ஜூலை 22 அன்று. அடுத்தது 2034 மார்ச் 20 அன்று காஷ்மீர், லடாக் பகுதிகளில் தெரியும். 2031 மே 21 அன்று தென் தமிழ்நாட்டில் தெரியப்போவதும் வளைய கிரகணமே என்பதால், அன்றும் மகுடத்தை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

முழுக் கிரகணம் சில நிமிடங்களே நீடிப்பதால், செயற்கையாகக் கிரகணம் உண்டாக்கும் முயற்சி பிரான்ஸ் நாட்டின் பெர்னார் லியோ 1930களில் கொரோனாகிராஃப் என்னும் கருவியை உருவாக்கிய காலத்திலிருந்தே நடந்து வருகிறது. தொலைநோக்கிக்குள் ஒரு சிறு தட்டை வைத்துச் சூரிய வட்டத்தை மறைப்பதே அதன் அடிப்படை. ஆனால் மறைக்கும் தட்டு கருவிக்குள்ளேயே இருப்பதால், அதன் விளிம்பில் சிதறும் ஒளி சூரியனை ஒட்டிய பகுதியைக் கெடுத்துவிடுகிறது. சந்திரன் வெகு தொலைவில் இருப்பதால்தான் இயற்கையான கிரகணத்தில் இந்தத் தொல்லை இல்லை. எனவே ஐரோப்பிய விண்வெளி முகமை தட்டைத் தனியே பிரித்து, அதையே ஒரு விண்கலமாக ஆக்கிவிட்டது. 2024 டிசம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் சென்ற புரோபா-3 என்பது உண்மையில் இரண்டு விண்கலங்கள். முதலாவது, 1.4 மீட்டர் அகலமுள்ள தட்டைத் தாங்கியபடி சூரியனுக்கும் மற்றதற்கும் நடுவே நிற்கிறது. இரண்டாவது, சுமார் 150 மீட்டர் பின்னால், அந்தத் தட்டின் நிழலுக்குள் தன் கருவியின் கண்ணை வைத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் நிழலின் அகலம் 8 சென்டிமீட்டர்தான், அதாவது ஒரு சிறு கிண்ணத்தின் வாய் அளவு. பூமியைச் சுற்றி விரைந்துகொண்டே, ஒன்றை விட்டு ஒன்று மில்லிமீட்டர் அளவுகூடப் பிசகாமல், ஒரு சுற்றுக்குச் சில மணி நேரம் இவை இப்படி நிற்கின்றன. 2025 ஜூன் மாதம் வெளியான இவற்றின் முதல் படங்களில், நீங்கள் திண்டுக்கல்லில் தேடிய மகுடம் சூரிய விளிம்புக்கு மிக அருகிலிருந்தே தெளிவாகத் தெரிகிறது.

கேள்வி (ஈரோடு, பள்ளி ஆசிரியை): சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரி என்றும், அதற்கு வெளியே உள்ள கொரோனா பத்து லட்சம் டிகிரிக்கு மேல் என்றும் பாடம் நடத்தினேன். "அடுப்பை விட்டுத் தள்ளிப் போனால் சூடு குறையத்தானே வேண்டும் டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவ்வளவு சூட்டில் விண்கலம் மட்டும் எப்படி உருகாமல் இருக்கிறது?

பதில்: உங்கள் மாணவியின் கேள்வி சூரிய இயற்பியலில் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தீராமல் இருக்கும் கேள்வி. நீங்கள் தடுமாறியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எளிதான இரண்டாம் பகுதியை முதலில் முடித்துக்கொள்வோம். வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. தீபாவளிக் கம்பி மத்தாப்பின் பொறி ஒவ்வொன்றும் ஆயிரம் டிகிரியைத் தாண்டியது. ஆயினும் கையில் பட்டால் சுருக்கென்று ஒரு குத்தலோடு போய்விடும். வடித்த கஞ்சியோ நூறு டிகிரியைக்கூட எட்டாது; கையில் கொட்டினால் தோல் வெந்துவிடும். பொறியில் பொருள் மிகக் குறைவு, கஞ்சியில் அதிகம் என்பதே வேறுபாடு. கொரோனா நாம் சுவாசிக்கும் காற்றைவிடப் பல ஆயிரம் கோடி மடங்கு அடர்த்தி குறைந்தது. அதிலுள்ள துகள்கள் கடும் வேகத்தில் ஓடுவதால் வெப்பநிலை லட்சக்கணக்கில் வருகிறது. ஆனால் விண்கலத்தின் மீது வந்து மோதும் துகள்கள் வெகு சிலவே. விண்கலத்தைச் சுடுவது கொரோனா அல்ல, நேரடியான சூரிய ஒளிதான். அதைத் தடுக்கப் பார்க்கர் விண்கலம் சுமார் 11 சென்டிமீட்டர் தடிமனுள்ள கரிமக் கவசம் ஒன்றைக் குடைபோல் பிடித்துச் செல்கிறது. இரண்டு கரிமத் தகடுகளுக்கு நடுவே ரொட்டிபோல் துளைகள் நிறைந்த கரிம நுரை. சூரியனைப் பார்த்த பக்கம் வெள்ளைப் பூச்சு. முன்பக்கம் 1,400 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்ட அந்தக் கவசத்தின் நிழலில், கருவிகள் நம் வீட்டுக் கூடத்தின் வெப்பநிலையிலேயே இயங்குகின்றன.

இனி முதற்பகுதி. இவ்வளவு சூடு என்று எப்படித் தெரிந்தது என்பதிலேயே ஒரு வேடிக்கை உண்டு. 1869ஆம் ஆண்டு கிரகணத்தின்போது கொரோனாவின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையில் ஒரு பச்சைக் கோடு தென்பட்டது. பூமியில் தெரிந்திருந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. முந்தைய ஆண்டு, 1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் தெரிந்த கிரகணம்தான் ஹீலியத்தைக் கண்டறிய வழிவகுத்திருந்தது. அதே சூட்டில் இதற்கும் 'கொரோனியம்' என்று பெயர் வைத்து, புதுத் தனிமம் என்று அறிவித்துவிட்டார்கள். எழுபது ஆண்டுகள் அந்தப் பெயர் நிலைத்தது. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் குரோட்ரியானும் சுவீடனின் எட்லெனும், அது நம் வீட்டு அரிவாளில் உள்ள அதே இரும்புதான் என்று காட்டினார்கள். தன் 26 எலக்ட்ரான்களில் சரிபாதி 13ஐ இழந்த இரும்பு அந்தப் பச்சை ஒளியை வீசுகிறது. ஓர் அணுவிலிருந்து அத்தனை எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிய வேண்டுமானால், சுற்றுப்புறம் பத்து இருபது லட்சம் டிகிரியில் இருந்தாக வேண்டும்.

அடுப்பைப் பற்றிய உங்கள் மாணவியின் தர்க்கம் சரியானதே. வெப்பம் தானாகக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குப் பாயாது. ஆகவே கொரோனாவுக்குப் போவது வெப்பமாகப் போவதில்லை, வேறு வடிவில் போய் அங்கே வெப்பமாக மாறுகிறது என்று கொள்வதைத் தவிர வழியில்லை. வகுப்பில் இண்டக்‌ஷன் அடுப்பை உதாரணமாகக் காட்டுங்கள். அதன் கண்ணாடிப் பலகை தானாகச் சூடாவதில்லை. அதன் வழியே மேலே செல்லும் மாறும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில்தான் வெப்பமாகிறது. சூரியனிலும் தூதுபோவது காந்தப்புலமே. சூரிய மேற்பரப்பு உலை கொதிப்பதுபோல் ஓயாமல் கொதிக்கிறது. அதில் எழும் கொப்புளம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் அகலம், அதாவது தமிழ்நாட்டையே உள்ளே போட்டு மூடிவிடலாம். பத்து நிமிடத்தில் அது அடங்கி வேறொன்று எழும். மேற்பரப்பில் வேரூன்றிக் கொரோனாவுக்குள் உயர்ந்து நிற்கும் காந்தப்புலக் கோடுகளின் அடிகளை இந்தக் கொதிப்பு இடைவிடாமல் உலுக்கிக்கொண்டே இருக்கிறது. தேவைப்படும் ஆற்றலும் பெரிதில்லை. சூரியன் வீசும் ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை.

உலுக்கிய ஆற்றல் மேலே போய் எப்படி வெப்பமாகிறது என்பதில்தான் கட்சிகள் பிரிந்தன. வீணைத் தந்தியைச் சுண்டினால் அதிர்வு ஓடுவதுபோல், காந்தக் கோடுகளின் வழியே அலைகள் ஓடி மேலே சிதறி வெப்பமாகின்றன என்பது ஒரு கட்சி. 1942இல் இத்தகைய அலைகள் இருக்க வேண்டுமென்று சொன்ன ஹான்ஸ் ஆல்ஃப்வெனின் பெயராலேயே அவற்றை ஆல்ஃப்வென் அலைகள் என்கிறார்கள். கோடுகள் தலைப்பின்னல்போல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, முறுக்கு தாங்காத இடத்தில் அறுந்து, வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும்போது சிறுசிறு வெடிப்புகளாக ஆற்றல் வெளிப்படுகிறது என்பது மற்றொரு கட்சி. இதை 1988இல் வலியுறுத்தியவர் யூஜின் பார்க்கர். விண்கலத்துக்குப் பெயர் கொடுத்தவரும் அவரே.

அண்மைய ஆண்டுகளில் இரு கட்சிகளுக்கும் சாட்சிகள் கிடைத்திருக்கின்றன. 2020இல் ஏவப்பட்ட ஐரோப்பிய விண்கலமான சோலார் ஆர்பிட்டர் தன் முதல் படங்களிலேயே சூரியனெங்கும் குளிர்காயும் நெருப்புகளைப் போன்ற சின்னஞ்சிறு வெடிப்புகளைக் காட்டியது. 2023இல் வெளியான பார்க்கர் விண்கலத்தின் அளவீடுகள், வேகமான சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து ஓயாமல் வெளியே வீசும் துகள்களின் ஓட்டம்) ஊற்றுக்கண்ணில் காந்தக் கோடுகள் அறுந்து ஒட்டும் தடயத்தைக் காட்டின. மறுபுறம், 2022 பிப்ரவரியில் பார்க்கர், சோலார் ஆர்பிட்டர் ஆகிய இரண்டும் ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டில் அமைந்தபோது, பார்க்கரைக் கடந்து சென்ற அதே காற்றோட்டத்தை இரண்டு நாள் கழித்து மற்றது வெகு தொலைவில் அளந்தது. முதல் இடத்தில் இருந்த ஆல்ஃப்வென் அலைகளின் ஆற்றல் இரண்டாம் இடத்தில் பெரும்பாலும் காணாமற் போயிருந்தது. காற்றோ எதிர்பார்த்ததைவிடச் சூடாகவும் வேகமாகவும் இருந்தது. காணாமற்போன ஆற்றலும் கூடிய வெப்பமும் வேகமும் கணக்கில் பொருந்தின. 2025இல் ஹவாய்த் தீவுகளிலுள்ள 4 மீட்டர் சூரியத் தொலைநோக்கி, கொரோனாவில் முறுக்கி முறுக்கி ஓடும் சிறு அலைகளை நேரடியாகவே கண்டது. என் கருத்தில், இதுவா அதுவா என்று தீர்ப்புக் கேட்கும் காலம் போய்விட்டது; எந்த இடத்தில் எதன் பங்கு எவ்வளவு என்பதுதான் இன்றைய வேலை. உங்கள் மாணவியிடம் இதையே சொல்லுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): "சூரியனைத் தொட்டது மனிதன் அனுப்பிய கலம்" என்று தலைப்புப் போடுகிறீர்கள். உள்ளே படித்தால் 61 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் போனது என்று இருக்கிறது. இதற்குப் பெயர் தொடுவதா?

பதில்: கோபம் நியாயமானதே. 2024 டிசம்பர் 24 அன்று பார்க்கர் விண்கலம் சூரிய மேற்பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 6.9 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் கடந்து சென்றது. அந்த வேகத்தில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நான்கு நொடிகூட ஆகாது. நிலத்தைத் தொடுவதைப் போன்ற தொடுதல் இதில் இல்லை. ஆனால் சூரியனில் தொடுவதற்கு நிலமும் இல்லை. நாம் மேற்பரப்பு என்பது, வாயு ஒளி ஊடுருவாத அளவுக்கு அடர்த்தியாகும் இடமே தவிர வேறில்லை.

அப்படியானால் சூரியன் எங்கே முடிகிறது? இதற்கு ஆராய்ச்சியாளர்கள் கொள்ளும் எல்லை எனக்குப் பிடித்தமானது. ஆற்றில் கல்லெறிந்து பாருங்கள். நீர் மெல்ல ஓடும் இடத்தில் வட்ட அலையின் ஒரு பாதி ஓட்டத்தை எதிர்த்தும் ஏறி வரும். வெள்ளம் அலையைவிட வேகமாக ஓடும் இடத்திலோ, எறிந்த இடத்துக்கு மேலே ஒரு சலனமும் போகாது. எல்லாம் கீழ்நோக்கி அடித்துச் செல்லப்படும். சூரியனை விட்டு வெளியேறும் பிளாஸ்மாவும் (மின்னூட்டம் கொண்ட சூடான வாயு) அப்படித்தான். உள்ளே, ஆல்ஃப்வென் அலைகள் ஓட்டத்தை எதிர்த்துச் சூரியனுக்குத் திரும்பிப் போக முடியும். ஓரிடத்தைத் தாண்டியதும் ஓட்டத்தின் வேகம் அலையின் வேகத்தை மிஞ்சிவிடுவதால், அங்கே என்ன நடந்தாலும் சூரியனுக்குச் சேதி போகாது. அதுவரை இருப்பது சூரியனின் மண்டலம். அதற்கு அப்பால் இருப்பது சூரியக் காற்று. 2021 ஏப்ரல் 28 அன்று, சூரியனிலிருந்து சுமார் 1.3 கோடி கிலோமீட்டர் தொலைவில், பார்க்கர் முதன்முறையாக இந்த எல்லைக்குள் நுழைந்தது. சில மணி நேரத்துக்குள் பலமுறை உள்ளே போய் வெளியே வந்தது. எல்லை வழவழப்பான பந்தாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆகவே "தொட்டது" என்பதைவிட "வாசற்படியைத் தாண்டியது" என்று எழுதியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி (சிவகாசி, கல்லூரி மாணவர்): சூரியனின் ஈர்ப்பு விசையே இழுத்துக்கொள்ளுமே! பின் ஏன் பார்க்கர் விண்கலம் சுக்கிரனை ஏழு முறை நெருங்கிச் செல்ல வேண்டியிருந்தது?

பதில்: ஓடும் பேருந்தின் ஜன்னலிலிருந்து ஒரு தேங்காயைக் கை நழுவவிட்டால் அது நேர் கீழே விழாமல் பேருந்தோடு சேர்ந்தே முன்னால் ஓடி விழும். பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதிலிருந்து புறப்படும் எந்தக் கலத்துக்கும் அந்த வேகம் பிறப்பிலேயே உண்டு. சூரியக் குடும்பத்தை விட்டே வெளியேற நொடிக்கு 42 கிலோமீட்டர் வேண்டும், அதாவது மேலும் 12 சேர்த்தால் போதும். சூரியனில் விழவோ, இருக்கும் 30ஐயும் ஏறக்குறைய முழுவதுமாகக் கழிக்க வேண்டும். சூரியனை நெருங்குவது அதை விட்டு ஓடுவதைவிடக் கடினம் என்பது இதனால்தான். 2018 ஆகஸ்ட் 12 அன்று புறப்பட்ட பார்க்கர், 2018 அக்டோபர் முதல் 2024 நவம்பர் வரை ஏழு முறை சுக்கிரனை நெருங்கி, ஒவ்வொரு முறையும் தன் வேகத்தில் கொஞ்சத்தை அந்தக் கோளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தது. தொலைவில் வேகத்தை இழந்ததால்தான் அது சூரியனுக்கு அருகே விழுகிறது. விழும்போது ஈர்ப்பு விசை தரும் வேகம்தான் மேலே சொன்ன 6.9 லட்சம் கிலோமீட்டர்.

கேள்வி (சென்னை, திருவல்லிக்கேணி): சூரியக் காற்று பற்றிய பார்க்கரின் கட்டுரையை எங்கள் பேட்டை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த சந்திரசேகர்தான் காப்பாற்றினார் என்று ஒருவர் மேடையில் பேசினார். உண்மையா, நம் பெருமைக்காகச் சொல்வதா?

பதில்: உண்மைதான். வால்மீனின் வாயு வால் அது எந்தத் திசையில் சென்றாலும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீள்வதைக் கண்ட ஜெர்மனியின் பீர்மான், சூரியனிலிருந்து ஏதோ ஒன்று எப்போதும் வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்று 1951இல் எழுதினார். கொரோனா அசையாமல் நிற்கும் வாயு மண்டலம் என்பதே அன்றைய பொதுக் கருத்து. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த பார்க்கர் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். கொரோனா அத்தனை சூடாக இருந்தால், வெகு தொலைவிலும் அதன் அழுத்தம் போதிய அளவு குறையாது. அதை அடக்கிவைக்க விண்மீன்களிடை வெளியின் அழுத்தம் போதாது. மூடியில்லாத பாத்திரத்தில் ஆவியை அடைத்துவைக்க முடியாதல்லவா? ஆகவே அது நில்லாமல் வெளியே விரிந்துகொண்டே இருக்கும். விரியும்போது ஒலியின் வேகத்தையும் மிஞ்சிவிடும்.

1958இல் அவர் இதை வானியற்பியல் ஆய்விதழுக்கு அனுப்பியபோது மதிப்பிட்ட இருவரும் நிராகரித்தார்கள். இப்படி எழுதும் முன் நூலகத்துக்குப் போய் இத்துறையைப் படித்துவிட்டு வரட்டும் என்பது அதில் ஒருவரின் குறிப்பு. அப்போது அந்த இதழின் ஆசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் இந்தக் கருத்து பிடிக்கவில்லை. ஆனால் மறுத்தவர்கள் கணக்கில் ஒரு பிழையையும் சுட்டிக்காட்டவில்லை என்று பார்க்கர் சொன்னதும், அதை ஏற்று வெளியிட்டுவிட்டார். 1935இல் லண்டனில், புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் சந்திரசேகரின் ஆய்வைச் சபையில் எள்ளி நகையாடியபோது கணக்கில் பிழை காட்டாமலேயே ஒதுக்கப்பட்டதன் வலி அவருக்குத் தெரிந்திருந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது என் ஊகம் மட்டுமே. நான்கு ஆண்டுகள் கழித்து, 1962இல் சுக்கிரனை நோக்கிச் சென்ற மரைனர்-2 விண்கலம் வழியெல்லாம் சூரியக் காற்று வீசுவதை அளந்தது. 2018இல் தம் பெயர் தாங்கிய கலம் புறப்பட்டதைப் பார்க்கர் 91 வயதில் நேரில் நின்று பார்த்தார். நாசா உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரை விண்கலத்துக்கு இட்டது அதுவே முதல் முறை.

கேள்வி (தஞ்சாவூர்): இப்படி வீசிக்கொண்டே இருந்தால் சூரியன் தேய்ந்துவிடாதா?

பதில்: நொடிக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வெளியேறுகிறது. கேட்கப் பெரிதாக இருந்தாலும், பிறந்த 460 கோடி ஆண்டுகளில் இதே அளவில் வீசியிருந்தால் போனது பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஒளியாக மாறிக் கரைவது இதைவிட அதிகம்: நொடிக்குச் சுமார் 42 லட்சம் டன்.

கேள்வி (உதகை): முத்தோரையில் மலைச்சரிவு நெடுக வேலி போட்டதுபோல் நிற்கும் பெரிய தொலைநோக்கியைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். அதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு. கோவிந்த் ஸ்வரூப்பின் வடிவமைப்பில் 1970இல் இயங்கத் தொடங்கிய அந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. நீங்கள் வேலி என்று கண்டது, 24 வளைசட்டங்களின் மேல் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். அதை அந்தச் சரிவில் வைத்ததற்குக் காரணம் உண்டு. உதகையின் அட்சரேகை 11 டிகிரி. வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சரிந்திருக்கும் மலையைத் தேடிப்பிடித்தால், தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். பிறகு அதை ஒரே அச்சில் உருட்டினாலே போதும், வானில் நகரும் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடரலாம்.

காற்று அலைவதால் விண்மீன் சிமிட்டுகிறது அல்லவா? அதுபோலவே, வெகு தொலைவிலுள்ள ரேடியோ மூலங்களும் (ரேடியோ அலை வீசும் வான்பொருள்கள்), அவற்றுக்கும் நமக்கும் நடுவே சூரியக் காற்று கடந்து செல்லும்போது சிமிட்டுகின்றன. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மூலங்கள் எவ்வளவு சிமிட்டுகின்றன என்று அளந்தால், எந்தத் திசையில் காற்று அடர்ந்து வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று வரைபடம் போட்டுவிடலாம். விண்கலம் தான் நிற்கும் ஒரு புள்ளியை மட்டுமே அளக்கும். முத்தோரைத் தொலைநோக்கி சூரியனுக்கும் நமக்கும் இடையிலுள்ள வெளி முழுவதையும் தரையிலிருந்தே துழாவுகிறது. பார்க்கர் விண்கலத்துக்குக் கிடைத்த விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்காவது இதற்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கேள்வி (திருநெல்வேலி): பெரும் சூரியப் புயல் வந்து உலகத்தின் இணையமே அழிந்துவிடும் என்று யூடியூப்பில் நாள் குறித்துச் சொல்கிறார்களே?

பதில்: நாள் குறிப்பவர்களை நம்ப வேண்டாம். சூரியனிலிருந்து ஒரு பிளாஸ்மாத் திரள் பிய்த்துக்கொண்டு கிளம்பிய பிறகுதான் அது நம்மை நோக்கி வருகிறதா என்று பார்க்க முடியும். வந்து சேர ஒன்று முதல் நான்கு நாளாகும். ஆபத்து பொய் என்று இதற்குப் பொருளில்லை. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள். 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை, நடுத்தரமான ஒரு புயலால் மேல் வளிமண்டலம் விரிந்ததால், ஏவிய சில நாட்களிலேயே விழுந்து எரிந்தன. 2024 மே 10, 11 தேதிகளில் வந்தது 2003க்குப் பிறகு வந்த மிகப் பெரிய புயல். லடாக்கின் ஹான்லே வானத்தில் செந்நிற ஒளி தெரிந்ததும், அமெரிக்காவில் ஜி.பி.எஸ். பார்த்து விதைக்கும் டிராக்டர்கள் வயலில் நின்றதும் அப்போதுதான். இணையம் அழியவில்லை.

உங்கள் ஊருக்கு இதில் தனி இடம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், பகலில் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் உங்கள் தலைக்கு மேலே வலுவான ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. புயல் நேரத்தில் அது தாறுமாறாக மாறும். இந்தியப் புவிக்காந்த ஆய்வு நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருப்பதும், 1963இல் ராக்கெட் விட திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்ததும் இதனால்தான். முன்னெச்சரிக்கைக்காக, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியனைப் பார்த்தபடி 2024 ஜனவரி 6 முதல் இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலம் நிற்கிறது. உங்கள் பக்கத்துச் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி அதன் திட்ட இயக்குநர். அதைக் கடக்கும் காற்று பூமியை எட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். மின்தொடரமைப்பில் இருப்பவர்கள் சுமையைக் குறைத்துக்கொள்ள அது போதும்.

கேள்வி (காரைக்குடி, ஒன்பதாம் வகுப்பு மாணவி): இவ்வளவும் விண்கலம்தான் பார்க்குமா? என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து நான் பார்க்க ஒன்றும் இல்லையா?

பதில்: சூரியப் புள்ளிகள் இருக்கின்றன. கொரோனாவை உலுக்கும் காந்தப்புலம் மிக வலுவாக வெளியே தலைகாட்டும் இடங்கள் அவை; அவற்றிலிருந்து வாயு வெளிப்புறமாக வழிந்தோடுவதை ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கொடைக்கானல் ஆய்வகத்திலிருந்துதான் கண்டறிந்தார். புள்ளிகள் கூடிக் குறையும் சுழற்சியில் சூரியன் 2024இல் தன் உச்சக் கட்டத்தை எட்டியதாக அறிவித்தார்கள். உச்சம் கடந்த பின்னும் சில ஆண்டுகளுக்குப் பெரிய புள்ளிகள் வரும்.

பைனாகுலர் ஒன்றை எடுத்து, அதன் இரு குழல்களில் ஒன்றை மூடியால் அடைத்துவிடு. அதன் வழியே நீயோ வேறு எவருமோ ஒரு கணம்கூடச் சூரியனைப் பார்க்கக் கூடாது, பார்வை போய்விடும். எக்ஸ்ரே படலம், குறுந்தகடு போன்றவையும் வேண்டாம். வீட்டுப் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, பைனாகுலரின் பெரிய கண்ணாடி சூரியனைப் பார்க்கும்படி தோளருகே பிடித்து, சிறிய கண்ணாடியிலிருந்து வரும் ஒளியை ஒரு மீட்டர் தொலைவில் சாய்த்துவைத்த வெள்ளைத் தாளில் விழச் செய். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் என்றால் சூரியன் ஏழு சென்டிமீட்டர் வட்டமாக விழும். கூர்மையாகும் வரை திருகியைத் திருப்பு. பைனாகுலர் சூடாகிவிடும் என்பதால் ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து காட்டாதே. தாளில் பென்சிலால் வட்டத்தையும் கறுப்புப் புள்ளிகளையும் வரைந்து, தேதியும் நேரமும் எழுதி வை. தாளை லேசாக ஆட்டினால் உண்மையான புள்ளி வட்டத்தோடேயே இருக்கும். தாளின் அழுக்கு மட்டும் தாளோடு நகரும். ஒரு வாரம், ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் வரை. பிறகு முதல் நாள் தாளையும் கடைசி நாள் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஓரத்தில் இருந்த புள்ளி வட்டத்தின் நடுவை நெருங்கி வந்திருக்கும்.